பிஸ்கட் டப்பாவில் ஐந்து சீட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, காலி பிஸ்கட் டப்பாவின் மூடியில் காய் நறுக்கும் கத்தியால் துளை போட்டுக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் மூடி. கத்தி வழுக்கி வழுக்கிப் போனது. கத்தியைச் சூடு பண்ணினால் சுலபம் என்று மாமனார் சொன்னார். உடனே கத்தி அடுப்புக்குப் போனது. வீடு முழுக்கப் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. பக்கத்து அடுப்பில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையின் பெரிய முடிவு இந்த இரண்டு வாசனைக்கும் நடுவில்தான் எடுக்கப்பட்டது.

விஷயம் இதுதான். நான் ஐதராபாத்துக்கு வேலைக்குப் போகலாமா, கூடாதா என்று குடும்பம் சீட்டுப் போட்டு முடிவு செய்யப் போகிறது. அதற்காகத்தான் டப்பா.

வேறு எந்த வீட்டிலும் இந்த யோசனை வந்திருக்காது. எங்கள் வீட்டில் வந்ததற்குக் காரணம், என் கணவர் சேகர் கமிட்டிக்காரர். எங்கள் பக்கத்தில் கமிட்டி என்றால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். விவசாயிகள் நெல், மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர்), உளுந்து மூட்டைகளைக் கொண்டு வந்து இறக்குவார்கள். வியாபாரிகள் ஒவ்வொரு குவியலாகப் போய் ஒரு பிடி அள்ளி, கசக்கி, ஊதி, வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார்கள். யாரும் வாயைத் திறந்து விலை சொல்ல மாட்டார்கள். சீட்டில் எழுதிப் பூட்டிய பெட்டிக்குள் போடுவார்கள். குறித்த நேரத்தில் பெட்டியைத் திறந்து படிப்பார்கள். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே என் கணவருக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. உலகத்தில் மனிதன் உண்மை பேசுவது சீட்டில் மட்டும்தான் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

மேலே போவதற்கு முன் ஒரு அறிவிப்பு. என் நாத்தனார் வசந்தா இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறார். என் கல்யாணத்தைப் பற்றி எழுதிய வாரம் முழுக்க அவர் என்னிடம் பேசவில்லை. இந்த அத்தியாயத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனையோடு அனுமதி தந்திருக்கிறார். அவர் நல்லவர் என்று மூன்று இடத்தில் எழுத வேண்டும். என் நாத்தனார் நல்லவர். ஒன்று முடிந்தது.

திட்டில் தொடங்கிய வேலை

அப்போது நான் திண்டிவனத்து வீட்டிலிருந்து தினமும் போய்வந்து, விழுப்புரத்தில் ஒரு சின்ன விதைக் கம்பெனியில் பரிசோதனைக் கூடப் பொறுப்பாளர். பரிசோதனைக் கூடம் என்றதும் வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். கிடங்குக்குப் பின்னால் ஒரு அறை. ஏசி ஒன்று உண்டு, அது சத்தம் மட்டும் போடும். வெயில் காலத்தில் சன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு நான்தான் அறையைக் குளிர வைப்பேன்.

வேலையும் சாதாரணம்தான். நூறு விதையை எண்ணி எடுத்து, ஈரக் காகிதத்தில் வரிசையாக அடுக்கி, சுருட்டி நிறுத்தி வைக்க வேண்டும். மல்லாட்டை என்றால் பத்தாம் நாள் பிரித்து, எத்தனை முளைத்திருக்கிறது, எத்தனை அழுகியிருக்கிறது, எத்தனை முளைத்தும் பிரயோசனமில்லை என்று எண்ண வேண்டும். ஈரக் காகிதத்தைப் பிரிக்கும்போது ஒரு மண் வாசனை வரும். எனக்கு அந்த வாசனை பிடிக்கும். நான் விதையைக் கழித்துவிட்டால் முதலாளி, "கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதாம்மா" என்பார். பார்த்துத்தான் ஐயா போடுகிறேன் என்பேன். பல வருடமாக எங்களுக்குள் நடந்த ஒரே உரையாடல் இது.

ஒருமுறை ஐதராபாத்தில் உள்ள ஒரு பெரிய கம்பெனியிலிருந்து வந்த விதை மல்லாட்டையை முளைப்புப் போதவில்லை என்று கழித்து எழுதி அனுப்பினேன். அங்கிருந்து ஒரு மேலாளர் அம்மா போனில் கூப்பிட்டு ஆங்கிலத்தில் திட்டினார். எங்கள் கூடத்தில் எல்லாம் இயந்திரம், உங்களிடம் என்ன இருக்கிறது என்றார். என்னிடம் சாக்கு இருக்கிறது என்று சொல்லவில்லை. இன்னொரு முறை முளைக்க வைத்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து அதே அம்மா கூப்பிட்டார். குரலில் சர்க்கரை. நான் எண்ணியதுதான் சரியாம். அவர்களுடைய கூடத்தில் மல்லாட்டைப் பிரிவுக்கு ஆள் தேடுகிறார்களாம், பொறுப்பேற்க வருகிறீர்களா என்றார். பன்னிரண்டு பேர் எனக்குக் கீழே வேலை செய்வார்கள். சாக்கு இல்லாமலே குளிர்கிற அறை. அடுத்த திங்கள் மதியத்துக்குள் பதில் வேண்டும் என்றார்.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. இந்த வயதில் ஒருத்தியைக் கூப்பிட்டு வேலை தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவள் முதலில் தேடுவது எங்கே ஏமாற்று என்றுதான். நானும் தேடினேன். எதுவும் அகப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

உன் இஷ்டம்

என் மகள் யாழினி பதினொன்று முடித்துப் பன்னிரண்டுக்குப் போகிற நேரம் அது. கணவருக்கு மாநிலம் விட்டு மாற்றல் கிடையாது. ஆக, போனால் நான் தனியாகத்தான் போக வேண்டும். குறைந்தது இரண்டு வருடம். அதற்குப் பிறகு மகளை அங்கேயே கல்லூரியில் சேர்க்கலாம், அல்லது நான் திரும்பி வரலாம், அல்லது எதுவும் நடக்கலாம்.

முதலில் கணவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "உன் இஷ்டம்" என்றார். மாமனாரிடம் சொன்னேன். "உன் இஷ்டம்மா" என்றார். மகள் காதிலிருந்து ஒரு பக்க ஒயரை மட்டும் எடுத்துவிட்டு, "உன் இஷ்டம்மா" என்றாள். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் எதையும் மறுப்பதில்லை. உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு, இஷ்டப்படி ஒருத்தி செய்கிறாளா என்று ஓரக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மாமனார் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊரைச் சொன்னாலும் அது எத்தனையாவது டிக்கெட் ஸ்டேஜ் என்று யோசிப்பார். ஐதராபாத்துக்கு அவரால் ஸ்டேஜ் கணக்குப் போட முடியவில்லை. அரை நாள் முயன்றுவிட்டு, "சென்னையா இருந்தா அப் அண்டு டவுன் அடிச்சிக்கினு இருக்கலாம்" என்று வருத்தப்பட்டார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். திண்டிவனத்துக்காரர்களுக்கு அப் அண்டு டவுன் என்பது ஒரு மதம். தினமும் காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு சென்னைக்குப் பேருந்து ஏறி, ராத்திரி வந்து சோறு தின்றுவிட்டுப் படுப்பவர், ஊரை விட்டுப் போனவர் ஆக மாட்டார். முப்பது வருடம் அப்படிப் போய்வந்து ஓய்வு பெற்றவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். சொந்தப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை மட்டும் விழித்த நிலையில் பார்த்தவர்கள் அவர்கள். ஆனாலும் ஊரை விட்டுப் போகவில்லை, அதுதான் பெருமை. விழுப்புரத்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேல். அவர்களுக்கு ஜங்ஷன் வேறு இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த ஒருவர், வாரக் கடைசியில் வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி ஏறினால் போதுமே மேடம் என்று ஐதராபாத்தையும் அப் அண்டு டவுனில் சேர்க்கப் பார்த்தார். சனிக்கிழமையும் அங்கே வேலை உண்டு என்றேன். அப்படியென்றால் அந்தக் கம்பெனி சரியில்லை என்றார்.

என்னோடு பள்ளியில் படித்த ஜமீலா கோட்டக்குப்பத்தில் இருக்கிறாள். அவளிடம் போனில் சொன்னேன். அவள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில். போகலாமா என்று எந்த ஆம்பளையும் எந்தப் பொம்பளையிடமும் கேட்டதில்லை, பெட்டி கட்டிய பிறகுதான் சொல்வார்கள் என்றாள். நீயும் பெட்டியைக் கட்டிவிட்டுச் சொல் என்றாள். நல்ல யோசனைதான். என்னிடம் பெட்டி இல்லை.

வாயைத் திறந்து சொன்னது என் நாத்தனார் ஒருவர்தான். வசந்தா என் கணவருக்கு மூத்தவர், அடுத்த தெருவில் வீடு. மாமியார் காலமான பிறகு எங்கள் வீட்டுச் சமையலறை தன் நேரடிப் பார்வையில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணை விட்டுவிட்டு ஒரு தாய் போவாளா என்று கேட்டார். திங்கள்கிழமை கேட்டார், செவ்வாய்க்கிழமை கேட்டார், புதன்கிழமை கறிவேப்பிலை கேட்க வந்தபோதும் கேட்டார். எங்கள் வீட்டில் மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாத ஒரே ஆள் அவர்தான். ஆகையால் அவர் நல்லவர். இரண்டாவதும் ஆயிற்று.

யாரும் சீட்டுப் போடாத பயணம்

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. நான் பிறந்தது இரும்பை என்ற கிராமம். வெள்ளைக்காரர்கள் அரைக்கால் சட்டையோடு மொபெட்டில் போகிற செம்மண் ரோட்டுப் பக்கம். முந்திரிக் காய்ப்புக் காலத்தில் காற்றே புளிப்பாக இருக்கும். எங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். மல்லாட்டை போடுவார், கேப்பை போடுவார். நான் விதை பொறுக்கக் கற்றது அங்கேதான்.

ஒரு வைகாசியில் அங்கிருந்து என்னைத் திண்டிவனத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். கூடவே ஒரு பீரோ, ஒரு கட்டில், ஒரு கிரைண்டர். கிரைண்டர் ரோட்டில் அடிபடக் கூடாது என்று சாக்கு சுற்றி, கயிறு கட்டி, அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டே வந்தான். போகிற ஊரில் என்ன வேலை, எத்தனை வருடம், பிடிக்காவிட்டால் திரும்பலாமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒரு வாரம் யோசித்துச் சொல்கிறேன் என்று நானும் கேட்கவில்லை. அதை யாரும் ஊர் மாறுவது என்று சொல்வதில்லை. அதற்குப் பேர் நல்ல காரியம்.

பதினெட்டு வருடம் கழித்து இரண்டாம் முறை மாறுகிறேன் என்றதும் ஒரு குடும்பமே டப்பாவுக்குத் துளை போடுகிறது. முன்னேற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

காலண்டர் தாள்

சனிக்கிழமை சாயங்காலம் வரை உன் இஷ்டம் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை. என் கணவருக்கு அதுவே பேஜாராகிவிட்டது. அப்போதுதான் அவருக்குக் கமிட்டிப் பெட்டி ஞாபகம் வந்தது.

"முகத்தப் பாத்துக்கினு பேசினா எவனும் மனசுல இருக்கறத சொல்ல மாட்டான். சீட்டுல எழுதட்டும். போ, இல்ல இரு. ரெண்டே வார்த்தை. எது ஜாஸ்தியோ அதான்" என்றார்.

நியாயமாகப் பார்த்தால் நான் அங்கேயே சண்டை போட்டிருக்க வேண்டும். என் வேலைக்கு ஊர் கூடி ஓட்டுப் போடுவதா என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. ஏன் அப்படி இருந்தது என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடுகள் பலமாக இருந்தன. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தை ஒரே அளவாக வெட்டினார். கையெழுத்து தெரியாமல் இருக்க எல்லோரும் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்றார். ஒரே பேனா. ஒவ்வொருவராகப் படுக்கையறைக்குள் போய் எழுதிவிட்டு வர வேண்டும். வசந்தா அண்ணியும் வந்துவிட்டார். அவருக்கும் ஒரு ஓட்டு உண்டு என்று முடிவானதில் எனக்கு ஆச்சரியமில்லை.

மாமனார் கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனார். ஒரு வார்த்தை எழுத அவருக்கு ஆறு நிமிடம் ஆனது. மகள் பரீட்சையில் செய்வதைப் போல சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டே வந்து போட்டாள். அண்ணி உள்ளே போய்விட்டுத் திரும்ப வந்து, மூன்றாவதாக ஏதாவது எழுதலாமா என்று கேட்டார். கூடாது என்றார் கணவர். அவரும் எழுதினார். கடைசியில் நானும் எழுதிப் போட்டேன்.

எனக்குக் கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்ய வேண்டுமா என்பதைப் பிஸ்கட் டப்பா சொல்லப் போகிறது. ஐந்து பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கருவாட்டுக் குழம்பை இறக்கி வைத்திருந்தேன். சோறு விசில் அடித்துக்கொண்டிருந்தது.

நான்கும் ஒன்றும்

என் கணவர் கமிட்டியில் படிக்கிற குரலிலேயே படித்தார். போ. போ. போ. இரு. போ.

நான்கு போ, ஒரு இரு.

 எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. வசந்தா அண்ணி பக்கம்.

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் முகம் மாறியது. நான் போ என்றுதான் எழுதினேன் என்றார். யாரும் நம்பவில்லை. நம்பாததை யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை, அதுதான் எங்கள் வீட்டு மரியாதை. மாமனார் சமாதானமாக, "வுடு வசந்தா, உன் மனசுல பட்டத எழுதின. தப்பில்ல" என்றார். மகள் மட்டும் அத்தையை ஒரு பார்வை பார்த்தாள். நான் எழுதவில்லை என்று அவர் இன்னொரு முறை சொன்னார். இந்த முறை குரல் உடைந்துவிட்டது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிடாமல், செருப்பைத் தப்புக் காலில் மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

அந்த இரு என்னுடையது.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தத் தொடரில் நான் இதுவரை எழுதியது எல்லாம் பொய்யாகிவிடும். என் கணக்கு வேறாக இருந்தது. மாமனார் இரு என்பார், மகள் இரு என்பாள், அண்ணியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கணவர் எப்படி வேண்டுமானாலும் போடட்டும், மூன்று நிச்சயம். என்னுடையதும் சேர்ந்தால் நாலு. குடும்பம் என்னைத் தடுத்துவிட்டது என்று ஆகிவிடும். நான் குடும்பத்துக்காக வேலையை விட்டவள் ஆவேன். பிறகு வருகிற ஒவ்வொரு சண்டையிலும், ஒவ்வொரு வெயில் காலத்திலும், ஈரச் சாக்கைப் பிழியும்போதெல்லாம் அதை எடுத்துச் சொல்லிக் காட்டலாம். தியாகி பென்ஷன் மாதிரி சாகிறவரை வரும்.

நான்கு பேரும் போ என்று எழுதுவார்கள் என்று கனவில்கூட நினைக்கவில்லை. படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. பதினெட்டு வருடம் இந்த வீட்டுக்கு ஆக்கிப் போட்டவளை இவ்வளவு ஜல்தியாக அனுப்பத் தயாராகிவிட்டார்களா? ஒருத்தர்கூடவா கையைப் பிடித்து இழுக்கவில்லை? ஒரு வாரமாக என்னைக் கட்டிப்போட்ட கயிறு என்று யாரையெல்லாம் மனதில் திட்டினேனோ, அவர்கள் யாரும் கயிற்றைப் பிடிக்கவே இல்லை. நானே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இவ்வளவும் புரிந்த பிறகு நான் என்ன செய்தேன்? குக்கரைத் திறந்து சோறு போட்டேன். எல்லோருக்கும் குழம்பு ஊற்றினேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த தெரு

மத்தியானம் முழுக்கக் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். நாலரை மணிக்கு மேல் தாங்க முடியவில்லை. ஒரு தூக்கில் குழம்பை ஊற்றிக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனேன்.

அவர் முறத்தைப் போட்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை. தூக்கை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு பிடி எடுத்து உரித்தேன்.  பிறகு, அந்தச் சீட்டு நான் எழுதியது அண்ணி என்றேன்.

அவர் கை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் பொழப்ப நீயே கெடுத்துக்கினு, பேர என் தலையில கட்டினியா?" என்றார்.

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் அழுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும், தான் போ என்று எழுதியதைப் பாசம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். நான் போய்விட்டால் தம்பி வீட்டுச் சமையலறை தன் கைக்கு வரும், என் சாம்பாரைத் தின்று தம்பி இளைத்துப்போனதைப் பல வருடமாகப் பார்த்து வயிறு எரிகிறது என்றார். யாழினியைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், எனக்கு அவளை அதட்டத் தெரியவில்லை என்றும் சொன்னார். அப்படியானால் ஒரு வாரமாகப் போகக் கூடாது என்று எதற்குச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நாலு பேரு கேக்கறப்ப அப்படித்தான சொல்லணும்" என்றார்.

பிறகு எழுந்து மடியை உதறினார். வா, இதை அவர்கள் எல்லோருக்கும் எதிரில் சொல் என்று என் கையைப் பிடித்தார். நான் போனில் சொல்கிறேன் அண்ணி என்றேன். எல்லாரும் பார்க்கத்தானே நான் அழுதேன், எல்லாரும் பார்க்கவே நீ சொல் என்றார். தெருவில் என்னை முன்னால் விட்டு அவர் பின்னால் வந்தார். குழம்புத் தூக்கைக் கையோடு எடுத்து வந்திருந்தார். உப்பு பத்தவில்லை என்று வழியிலேயே சொல்லிவிட்டார். அவர் நல்லவர். மூன்றாவதும் ஆயிற்று, இதை நிபந்தனை இல்லாமலே எழுதியிருப்பேன்.

கமிட்டிச் சட்டம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவியை நிறுத்தச் சொல்லி, அண்ணி என்னை நிற்க வைத்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பன்னிரண்டாம் வகுப்பில் திருட்டுத்தனமாகக் காப்பி அடித்து மாட்டியவளைப் போல நின்று சொன்னேன். மகள் எழுந்து போய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சாரி என்றாள். மாமனார் அண்ணியைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தார். தான் போ என்று எழுதியதற்குக் காரணம் கேட்காமலே சொன்னார். ஐதராபாத் பார்த்ததில்லை, தங்க ஒரு வீடு இருந்தால் நல்லது என்று நினைத்தாராம். மகள் சொன்ன காரணம் இன்னும் அழகு. அம்மா இல்லாவிட்டால் போனை யாரும் பிடுங்க மாட்டார்கள். அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் இதைச் சொன்னதுதான் வேடிக்கை.

என் கணவர் மட்டும் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"தப்பு என்னுது" என்றார். "மூட்டைக்காரங்க சீட்டுப் போடவே கூடாது. இத்தினி வருஷம் பொட்டிய காவல் காத்துக்கினு, இது எனக்குத் தோணல பாரு."

கமிட்டியில் சரக்குக்கு உரியவர் பெட்டியில் சீட்டுப் போட முடியாது. விலை எழுதுவது மற்றவர்கள் வேலை. வந்த விலைக்குக் கொடுக்கலாமா, மூட்டையைக் கட்டி நாளைக்கு என்று வைத்துக்கொள்ளலாமா என்று சொல்வது மட்டும்தான் மூட்டைக்காரரின் உரிமை. எவ்வளவு பெரிய வியாபாரி எவ்வளவு உயர்ந்த விலை எழுதியிருந்தாலும், எனக்குக் கட்டாது என்று ஒரு விவசாயி சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்கு மேல் பேச்சில்லை. அதேபோல், சரி என்று சொல்லிவிட்டாலும் முடிந்தது. நான் சொல்லவில்லை, அவர்கள்தான் சொல்லச் சொன்னார்கள் என்று பிறகு யாரும் தப்பிக்க முடியாது.

என் சீட்டைத் தனியாக எடுத்துக் கிழித்துப் போட்டார். "நாலு சீட்டும் போ. கட்டுதா கட்டலையா, நீ சொல்லு. நம்ம ஊட்ல யாரும் இனிமே இதப் பத்திப் பேச மாட்டோம்" என்றார்.

அதைவிடப் பெரிய கொடுமையை அவர் எனக்குச் செய்ததில்லை.

விழுப்புரம் பேருந்து

மறுநாள் காலை வழக்கம்போல் பைக்கில் என்னைப் பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிட வந்தார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் எதிர்க்காற்றில் பேசினால் பாதிதான் காதில் விழும். அதனால்தான் எந்த முக்கியமான விஷயத்தையும் அவர் பைக்கில் பேசுவார் என்பது பல வருடத்துக்கு முன்பே எனக்குத் தெரிந்துபோனது.

நான்கு பேரில் மூன்று பேருடைய காரணம் தெரிந்துவிட்டது, உங்கள் காரணம் என்ன என்று கேட்டேன்.  மேம்பாலத்துக்குக் கீழே வண்டி நின்றது. ஒரு லாரி வழிவிடவில்லை. அப்போது சொன்னார்.

"எனக்கு இருன்னு எழுதத்தான் கை வந்துச்சு, திலகா. எழுதியிருந்தா நீ இருந்துடுவ. அப்பறம் நான் சாவற வரைக்கும் உன் வாடின மூஞ்சிய பாத்துக்கினு இருக்கணும். அதுக்கு நீ ஊர்லயே இல்லாம இருக்கறது எவ்வளவோ மேலு."

பதினெட்டு வருட வாழ்க்கையில் அவர் என்னிடம் பேசிய காதல் வசனம் இது ஒன்றுதான். நான் அவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டேன். லாரி நகர்ந்தது.

அதுவரை என் மனதுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. கடைசி நேரத்தில் இவராவது போகாதே என்று சொல்லிவிடுவார், நான் பழியை அங்கே இறக்கி வைத்துவிடலாம் என்று. அதுவும் போனது. மாமனார் இல்லை, மகள் இல்லை, நாத்தனார் இல்லை, புருஷனும் இல்லை. குறை சொல்ல ஆளே இல்லாத ஒரு முடிவை நான் அதுவரை எடுத்ததில்லை. எவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பேருந்தில் சன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, ஐதராபாத் அம்மாவுக்குப் போன் போட்டேன். என்ன முடிவு செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். "வர்றேன்" என்றேன். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. மன்னிக்கவும், இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார்.

முதல் முறை வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. இரண்டாம் முறை ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி ஆங்கிலத்தில் சொல்லும்போதுதான் நான் நிஜமாகப் போகப் போகிறேன் என்பது எனக்கே காதில் விழுந்தது. நடத்துநர் சீட்டு கேட்டு வந்து நின்றார். நான் போனைக் காதில் வைத்தபடியே அழுதுகொண்டிருந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் அடுத்த இருக்கைக்குப் போனார்.